கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, வாசல் நடையில் உள்ள கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு நீரூற்றினேன். செவ்வாய்க்கிழமை என் மோட்டார் சைக்கிளின் சக்கரங்களுக்குக் காற்றுப் பார்க்கும் நாள். கீழே போய்ப் பார்த்தேன், சரியாக இருந்தது. சந்தைக்கு நடந்து போய்க் கீரையும் பயற்றங்காயும் வாங்கினேன். திரும்பி வரும்போது மின்தூக்கி பழுதாகியிருந்தது. படியேறுகையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மணியம் எதிரே வந்து வழிமறித்தார்.

"அண்ணே, ஆண்டு மலருக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. செகண்ட் ஹேண்ட் மோட்டார் வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு. பத்து பாயிண்ட் போதும்."

"பத்து பாயிண்ட்ல அடங்காது, மணியம்."

"அடக்குங்கலா. கீழே பாதிப் பக்கம் சாப்பாட்டுக்கடை விளம்பரம் வருது."

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தாளை எடுத்தேன். முதல் வரியைத் தயங்காமல் எழுதினேன்: 'இஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும்.' அதற்குமேல் எழுத வந்ததெல்லாம் வரிசையாக நிற்கவில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு முகம் வந்து நின்றது. அன்று மாலையே ஒரு சங்கதியும் நடந்துவிட்டது. ஆகவே இது பத்து வரியாக இல்லை. சாப்பாட்டுக்கடைக்காரர் மன்னிக்க வேண்டும்.

டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்தது எங்கள் கடை. பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, சரிசெய்து, விற்கும் கடை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் அங்கே சேர்ந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் உதிரிப் பாகங்களைப் பெட்ரோலில் கழுவினேன் என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. அதன்பின் கடை மூடும்வரை எனக்கு ஒரே வேலைதான். விற்பனைக்கு வரும் வண்டியைப் பார்ப்பது. எடுக்கலாமா கூடாதா என்று தவுக்கேயிடம் சொல்வது. தவுக்கே என்றால் முதலாளி. சீன முதலாளிகளை இங்கே எல்லாரும் அப்படித்தான் அழைப்போம்.

எங்கள் தவுக்கே ஒல்லியான மனிதர். வண்டி வந்தால் வண்டியைப் பார்க்கவே மாட்டார். கொண்டுவந்தவரைப் பார்ப்பார். அவர் எங்கே நிற்கிறார், நான் வண்டியின் எந்தப் பக்கம் குனியும்போது பேச்சைக் கூட்டுகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டு, தகர டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கடித்துக்கொண்டிருப்பார். விலை பேசும்வரை வாய் திறக்க மாட்டார். பேச்சைக் கூட்டிய இடத்தை மட்டும் கண்ணால் எனக்குக் காட்டுவார். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

வண்டி உள்ளே வந்ததும் நான் முதலில் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைப்பேன். சுட்டால் தவுக்கேயைப் பார்த்துத் தலையசைப்பேன். அவர் எதிர்க் கடையை நோக்கி ஒரு விரலை உயர்த்துவார். ஒரு கிளாஸ் கோப்பி வரும். "மினும் டூலு, மினும் டூலு," முதலில் குடி என்று மலாயில் உபசரிப்பார். வந்தவருக்கு மனம் குளிர்ந்துவிடும். அந்தக் கோப்பி அவருக்காக வந்ததல்ல, இஞ்சினுக்காக வந்தது. அவர் ஊதி ஊதிக் குடித்து, ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் இரும்பு ஆறிவிடும். பிறகுதான் முடுக்குவேன்.

விற்பவர்கள் ஏன் சூடாக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றால், சூடான இஞ்சின் எல்லாவற்றையும் மறைத்துவிடும். நின்றிருந்த நேரத்தில் கசிந்து உள்ளே இறங்கிய எண்ணெய் முதல் முடுக்கலில் நீலப் புகையாக வெளியே வரும். இஞ்சினுக்குள் தளர்ந்த சங்கிலி முதல் சில நொடிகள் கிடந்து அடித்துக்கொள்ளும். சூடேறிய பிறகு புகையும் இருக்காது, சத்தமும் இருக்காது. நல்ல வண்டிபோல் நிற்கும்.

மற்றவை எல்லாம் நிற்கும் வண்டியில் பார்ப்பது. நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்னால் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். கைப்பிடியின் நுனியும் கால்மிதியின் நுனியும் தேய்ந்திருந்தால் வண்டி தரையில் விழுந்து இழுபட்டிருக்கிறது. திருகாணிகளின் தலையில் சாயம் உடைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்க வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கைப்பிடியை மெதுவாக இருபுறமும் திருப்ப வேண்டும். நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் இறங்கியதுபோல் தட்டினால் உள்ளே குண்டுகள் தேய்ந்துவிட்டன. பின்சங்கிலியைப் பல்சக்கரத்திலிருந்து விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். பல் முழுசாக வெளியே தெரிந்தால் தேய்ந்துவிட்டது. கிரான் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். விற்பவர் கூடவே போக்குவரத்து இலாகாவுக்கு வந்து பெயர் மாற்றித் தர வேண்டும். அடுத்த வாரம் வருகிறேன் என்பவர் வர மாட்டார்.

கடைசியாகக் கழுத்து.

கைப்பிடித் தண்டு செருகியிருக்கும் குழாய்தான் கழுத்து. வண்டியின் சட்டம் முழுவதும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. முன்சக்கரம் எதில் மோதினாலும் அடி கழுத்தில் போய் இறங்கும். கிளட்ச் பிடி இல்லாத சிறிய கப்சாய் வண்டிகளில் அதைப் பிளாஸ்டிக் உறை மூடியிருக்கும். உறையைக் கழற்ற விடாதவரிடம் கீழிருந்து விரலை விட்டுத் தடவிப் பார்க்கலாம். தொழிற்சாலையில் ஒட்டிய ஒட்டு, சாய்த்து அடுக்கிய காசுகள்போல் ஒரே சீராக விரலில் ஓடும். கையால் ஒட்டியது உருகி வழிந்த மெழுகுவத்தியைப் போல் முண்டும் முடிச்சுமாக இருக்கும். மற்றக் குறைகளுக்கெல்லாம் தவுக்கே விலையைக் குறைப்பார். கழுத்துக்குக் குறைக்க மாட்டார். பிஸ்கட் டப்பாவை மூடிவிடுவார். அவ்வளவுதான்.

அவருடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு நகச்சாயக் குப்பி வைத்திருப்பார். சரிசெய்து விற்கும் ஒவ்வொரு வண்டியிலும் முக்கியமான திருகாணிகளின்மேல், திருகாணியையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுப்பார். திருகாணி மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். சாதாரண வண்ணம் இழுபட்டு நீளும். நகச்சாயம் காய்ந்தால் நீளாது, வெடிக்கும். பக்கத்து டயர்க்கடைக்காரர் அவரைக் கண்டாலே, "தவுக்கே, இன்னிக்கு எந்த விரலுக்கு?" என்பார். தவுக்கே சிரிக்காமல் சுண்டுவிரலை நீட்டுவார்.

மாரிமுத்து அண்ணன் கடைக்கு வந்தது ஒரு மத்தியானம். துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவர். ஒரு கப்சாயைத் தள்ளிக்கொண்டே வந்தார். வியர்வையில் நனைந்திருந்தார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், இஞ்சின் குளிர்ந்திருந்தது. தவுக்கேயைப் பார்த்துக் கோப்பி வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் அப்படியும் எதிர்க் கடைக்கு விரலை உயர்த்தினார்.

வண்டி அவருடைய மகனுடையது. கடலோர நெடுஞ்சாலையில் ஒரு லாரியின் பின்னால் மோதி மகன் இறந்துவிட்டான். இவர் முன்சக்கரத்தை மாற்றி, உறையை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். பக்கவாட்டில் மகன் ஒட்டிய வேல் படம் அப்படியே இருந்தது.

"ஓடுது தம்பி. ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க," என்றார். "எனக்குத்தான் ஓட்ட மனசு வரல, தள்ளிட்டு வந்தேன். வீட்ல வெச்சுப் பாக்க முடியல. யாராச்சும் நல்லா ஓட்டுற பையனாப் பாத்துக் குடுங்க. வெட்டிக்கிட்டி போட்றாதீங்க."

உறையைக் கழற்றினேன். கழுத்தின் அடியில் பாதிச் சுற்றுக்கு விரிசல் ஓடியிருந்தது. தவுக்கேயிடம் போய்க் காதருகில் சொன்னேன். "தெரியும்," என்று மலாயில் சொன்னார். அவர் பிஸ்கட் டப்பாவை மூடவில்லை. வண்டிக்கு விலை சொன்னார், அதுவும் குறைக்காத விலை. மாரிமுத்து அண்ணன் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, இருக்கையை ஒருமுறை துடைத்துவிட்டுப் போனார். அவர் சந்து முனையைத் தாண்டியதும் தவுக்கே எழுந்து வந்தார். "போத்தோங்," என்றார். வெட்டு.

இரும்பறுக்கும் வாளால் கழுத்தை அறுத்தேன். அன்றுவரை ஒரு வெட்டுதான் வழக்கம். கழுத்து இல்லாத சட்டம் வெறும் குழாய் என்று நினைத்திருந்தோம். பழைய இரும்பு எடுப்பவர் வாரக் கடைசியில் வந்து சட்டத்தையும் உறைகளையும் சேர்த்து அள்ளிப் போனார்.

மாதம் பிறந்தால் மாரிமுத்து அண்ணன் கடைக்கு வருவார். "யாரு எடுத்தாங்க?" என்பார். புக்கிட் மெர்தாஜாம்காரர் ஒருவர் என்று தவுக்கே சொல்லிவைத்திருந்தார். "நல்லா ஓடுதாமா?" "பாகுஸ், பாகுஸ்," நன்றாக ஓடுகிறது. அவர் திருப்தியாகப் போவார். செத்தவன் வண்டியை வாங்க மாட்டோம் என்று ஒதுங்குபவர்கள்தான் நம்மில் அதிகம். இவருக்கோ, அது சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில் ஏதோ இருந்தது.

ஒருநாள் கால் நிலத்தில் படாமல் வந்தார்.

"பாத்துட்டேன் தம்பி! இன்னிக்கு சிக்னல்ல எனக்கு முன்னால நிக்குது. வேல் படம் அப்படியே இருக்கு. நான் ஹார்ன் அடிச்சேன். அந்தப் பையன் திரும்பிப் பாத்துக் கையக் காட்டினான். பின்னால ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. நல்லா ஓட்டுறான் தம்பி. தவுக்கே, உங்களுக்குப் புண்ணியம்."

தவுக்கே பாகுஸ் சொல்லவில்லை. மாரிமுத்து அண்ணன் போனபின், உறையை மட்டும் யாராவது வேறு வண்டிக்கு மாட்டியிருப்பார்கள் என்றேன். அவர் கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டு என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பழைய இரும்புக் கிடங்குக்குப் போனோம். கிடங்குக்காரர் ஒளிக்கவில்லை. கிரானை மட்டும் கையில் வைத்திருந்த ஒருவன் அதற்கேற்ற வண்டி உடம்பு தேடி வந்தான், சட்டத்தையும் உறையையும் சேர்த்துக் கொடுத்தேன் என்றார். "ஒட்டுன எடம் தெரியவே தெரியாதுண்ணே. அவ்வளவு நைஸா செஞ்சிட்டாங்க," என்று என்னிடம் பாராட்டாகச் சொன்னார்.

அந்தப் பையனைத் தேடினோம். மாரிமுத்து அண்ணன் சொன்ன சிக்னலில் வேலைக்குப் போகும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் நின்று பார்த்தேன். ஊரில் ஓடும் கப்சாய்களில் பாதி அதே நிறம். வேல் படம் ஒட்டியவை எத்தனையோ. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த வண்டி அகப்படவில்லை. அதன்பின் கழுத்துப் போன சட்டங்களை மூன்று துண்டாக அறுத்தோம். மூன்றாவது துண்டு விழும்போது தவுக்கே ஒருமுறை சொன்னார்: மூன்றையும் ஒட்டத் தெரிந்தவன் எங்கோ இருப்பான். மாரிமுத்து அண்ணனிடம் கடைசிவரை நாங்கள் எதையும் சொல்லவில்லை. இறக்கும்வரை அவர் சிக்னலில் அந்த வண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். நானும்தான்.

தவுக்கே காலமானார். மகள் கடையை மூடினார். எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வு என்று சொல்லிக்கொள்கிறேன். இப்போது வியாபாரமெல்லாம் கைப்பேசியில். படத்தைப் பார்த்து விலை பேசி, ஏதாவது ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் சாவியைக் கைமாற்றுகிறார்கள். அங்கே ஓட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். எல்லா இஞ்சினும் சூடாகவே வருகிறது. ஆறும்வரை கோப்பி வாங்கிக் கொடுக்க யாருமில்லை. எங்கள் குடியிருப்பில் உள்ளவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள், ஆனால் வாங்கிய பிறகுதான் கூப்பிடுவார்கள். பார்க்கச் சொல்லி அல்ல. நல்ல வண்டி என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, இந்தக் கட்டுரையின் முதல் வரியோடு உட்கார்ந்திருந்தபோது பரமேஸ்வரி வந்தாள். எங்களுக்குக் கீழ்மாடியில் இருப்பவள். பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்களைத் தனியாக வளர்ப்பவள். கடற்பாலத்தைத் தாண்டி, பெருநிலத்தில் உள்ள பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தொழிலாளர்களை ஏற்றிப்போகும் பேருந்து முந்தின வாரத்தோடு நாங்கள் இருக்கும் தீவுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது.

"அண்ணே, மோட்டார் எடுத்துட்டேன். கோயிலுக்கும் போய்ட்டு வந்தாச்சு. வந்து பாருங்கலா."

கார் நிறுத்துமிடத்தில் நின்றது. கைப்பிடியில் மாலை. சக்கரங்களில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம். விளக்கின்மேலும் முன்உறையின் நடுவிலும் பெரிய பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். இஞ்சின்மேல் கையை வைத்தேன், சுட்டது. என்னை அறியாமல் எதிர்க் கடை இருக்கும் திசைக்குத் திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

"வாங்கறதுக்கு முன்னால கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல, பரமேஸ்?"

"அதனாலதாண்ணே கூப்புடல. நீங்க வந்தா வேணாம்னுவீங்க. மூணாவது மாடி ரவிக்கு வேணாம்னு சொன்னீங்க. அவன் இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிக்கிறான்."

"இப்ப மட்டும் எதுக்குக் கூப்பிட்ட?"

"பூசை முடிஞ்சிருச்சுல்ல. இனிமே நீங்க என்ன சொன்னாலும் ஒட்டாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வரிசைப்படி பார்த்தேன். பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினேன். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லை. கால்மிதியின் நுனி புதிது. கிரான் பெயர் மாற்றியாயிற்றா என்று கேட்டேன். "அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லிருக்கான்," என்றாள். முன்உறையைக் கழற்றலாம் என்று திருப்புளியை எடுத்தேன். திருகாணிகள் இரண்டும் சந்தனத்துக்கு அடியில் இருந்தன. துடைக்கக் கையைக் கொண்டுபோனதும் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அதத் தொடாதீங்கண்ணே. இப்பத்தான் ஐயரு வெச்சாரு."

ஆகவே தரையில் படுத்து, கீழிருந்து விரலை விட்டேன். மெழுகு வழிந்ததுபோல் இருந்தது. ஒரு பக்கம் மட்டுமல்ல, சுற்றிலும். மேலே என் மனைவி சரோஜாவிடமிருந்து கைக்கண்ணாடியை வாங்கிவரச் செய்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புச் சாயத்துக்குள் முண்டு முண்டாக ஒட்டு. இது மாரிமுத்து அண்ணனின் வண்டி அல்ல. மாடல் வேறு, அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது. இது வேறு எங்கோ, வேறு யாரோ ஓட்டி விழுந்தது.

"என்னண்ணே, மூஞ்சி மாறுது?"

எழுந்து உட்கார்ந்தேன். "இது முறிஞ்சு ஒட்டுன கழுத்து. முன்சக்கரம் பெரிய பள்ளத்துல விழுந்தா இங்க விட்டுப்போகும். கைப்பிடி உன் கையில இருக்கும், வண்டி உன்கிட்ட இருக்காது. இதுல பாலத்துல போகாதே."

அவள் கைப்பிடியிலிருந்த மாலையைச் சரிசெய்தாள்.

"எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"பத்து வருஷமும் தாங்கலாம். நாளைக்கே விடலாம். சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா, தாங்கும்னும் வெச்சுக்கலாம்ல?"

"திருப்பிக் குடுத்துடு, பரமேஸ்."

"யாருகிட்ட? பெட்ரோல் ஸ்டேஷன்ல சாவியக் குடுத்தான், போனான். லைட்டு சுச்சு எங்கன்னு கேக்கப் போன் போட்டேன், எடுக்கல. அப்படியே எடுத்தாலும், எலுமிச்சங்கா வெச்சு ஏத்துன வண்டியத் திருப்பிக் கொண்டுபோய் விடுறதா? வீட்டுக்கு ஆகுமா அது?"

சரோஜா படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உசுரு போறதுக்கு மட்டும் ஆகுமா?" என்றாள்.

"நீங்க பேசுவீங்கக்கா. அண்ணன் வீட்ல இருக்காரு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சரி, நாளைக்கு எப்படிண்ணே போறது?"

முப்பது ஆண்டுகளுக்குமேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கடையில் அப்படிச் சொன்னால் வண்டிதான் திரும்பிப் போகும். எங்களுக்கு ஒன்றும் போகாது. இங்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் வண்டியில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"ஒரு நாளைக்கு விடுவீங்க. அப்புறம்? அடுத்த மாசம் எனக்கு ராத்திரி ஷிப்ட்டு. உங்க இடுப்பு தாங்குமா? பாலத்துல காத்து அடிக்கிறப்ப நீங்களே ஆடுவீங்க."

அவள் சொன்னது சரி. என் வண்டியைக் கொடுக்கலாம். கிளட்ச் வைத்தது, உயரமானது, அவளால் காலூன்ற முடியாது. முன்பே உட்காரவைத்துப் பார்த்தாயிற்று. வேறு வண்டி வாங்கும்வரை விடுப்பு எடு என்று சொல்ல வாய் வந்தது. இன்னும் நிரந்தரமாக்கப்படாத வேலை அவளுடையது, சொல்லவில்லை. மற்றக் குறைகள் எல்லாவற்றுக்கும் ஒரு மருந்து உண்டு. கழுத்துக்கு ஒன்றே ஒன்றுதான், அது அறுப்பது.

கடைசியில் கேட்டேன்: "வீட்ல நெயில் பாலிஷ் இருக்கா?"

"யாருக்கு, உங்களுக்கா?"

சுண்டுவிரலை நீட்டிக் காட்டினேன். அவளுக்குப் புரிந்திருக்காது. மேலே போய் எடுத்து வந்தாள். சிவப்புதான்.

மறுபடி படுத்து, ஒட்டு ஓடிய இடத்தைத் துணியால் துடைத்தேன், பொட்டைத் தொடவில்லை. கண்ணாடியில் பார்த்து, ஒட்டுக்குக் குறுக்கே, குழாயிலிருந்து சட்டத்துக்குப் போகும்படி இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு இழுத்தேன். காயும்வரை விளக்கினேன். உள்ளே இரும்பு விரிய ஆரம்பித்தால் கோட்டில் முதலில் தெரியும். தினமும் முடுக்குவதற்கு முன் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது.

கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "காலையில நல்லா இருந்து, பாலத்து மேல போறப்ப வெடிச்சா?" என்றாள்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் குனிஞ்சு பாத்தாத் தெரியாதுண்ணே. நீங்களே பாத்துச் சொல்லிருங்க," என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு படியேறினாள். நல்ல வண்டி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இனி ஒவ்வொரு காலையும் அதைத்தான் சொல்லப்போகிறேன் என்பது அவள் போன பிறகே எனக்கு உறைத்தது.

சாப்பிட்டபின், சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் பெட்டியிலிருந்து இரும்பறுக்கும் வாளை எடுத்தேன். கடை மூடிய நாளில் தவுக்கேயின் மகள் கொடுத்தது.

"அத எடுத்துக்கிட்டு எங்க போறீங்க?" என்றாள் சரோஜா.

"சும்மா பாத்தேன்."

"அறுத்துட்டு வந்து, அந்தப் புள்ளைக்கு நீங்க சம்பளம் குடுப்பீங்களா?"

மூன்று துண்டாக அறுத்தாலும் ஒட்டத் தெரிந்தவன் எங்கோ இருப்பான். ஒட்டிய வண்டியை வாங்க வேண்டியவளும் எங்கோ இருப்பாள். வாளைத் துணியில் சுற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். மணியத்துக்கான தாளில் கழுத்தைப் பற்றிய வரியை எழுதினேன்: 'கழுத்தில் ஒட்டு இருந்தால் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.' சரியான வரிதான். அதை அடிக்கவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் வைக்கவில்லை, தொட்டிகளுக்கும் ஊற்றவில்லை. முதல் வேலையாகக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தேன், குளிர்ந்திருந்தது. படுத்து வெளிச்சம் பிடித்தேன். இடக்கோடு முழுசாக இருந்தது. வலக்கோடும் முழுசாக இருந்தது. எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது பரமேஸ்வரி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே வந்தாள்.

"இருக்காண்ணே?"

"இருக்கு," என்றேன்.

முடுக்கினாள். பின்னால் நீலப் புகை எழுந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.